ஏழாம் கேள்வி

"செயலியைத் திறக்கும்போது
'இது உங்கள் மனநலத்தைப் பாதிக்கலாம்' என்று
எச்சரிக்கை வந்தால்
பார்ப்பதைக் குறைத்துக்கொள்வீர்களா?"
ஆம். இல்லை. தெரியாது.

மதுரையிலிருந்து வந்த அண்ணன்
ஆளுக்கொரு பேனா கொடுத்தார், இருபது நிமிடம் கொடுத்தார்.
பாலிடெக்னிக் மின்விசிறி
தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.
ஹஃப்ஸா முதல் கட்டத்தில் டிக் போட்டுவிட்டு
மடியில் கிடந்த போனுக்குத் திரும்பினாள்.

எனக்குக் கட்டம் பத்தவில்லை.

அண்ணே, நான் தங்கச்சிமடம்.
எச்சரிக்கை எங்களுக்குப் புதுசில்லை.
பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள்.
ஒன்றாம் எண் ஏறினால் அப்பா
வானத்தைப் பார்ப்பார், பிறகு டீசல் விலையை.
மூன்று ஏறினால் விசைப்படகு போகாது.
கூண்டுக்குப் பயந்து அல்ல,
மீன்துறை டோக்கன் தராது, அதனால்.
டோக்கன் கேட்காத வத்தைகள்
கரையோரமாய் நழுவிப் போய்
நண்டோடு வந்ததும் உண்டு,
வராமல் போனதும் உண்டு.

போன ஆடியில் ஒரு படம் போட்டேன்.
அம்மா பாசி எடுத்துக் கரையேறுகிறாள்,
விரலெல்லாம் துணி சுற்றி.
பக்கத்தில் நான், ஈரச் சுடிதார், இடுப்பில் சாக்கு.
வெயில் நல்லா விழுந்திருந்தது.
யாரோ ஒருவன் கீழே ஒரே வார்த்தை எழுதினான்:
கருவாடு.
அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு சிரிப்பு.
இரவு இரண்டே முக்காலுக்கு எண்ணினேன்.
மூன்றரைக்கு எண்ணியபோது இருநூற்றுப் பதினான்கு.
அந்த இரண்டு பேர் யாரென்று
விடியும்வரை தேடினேன்.

அழித்திருக்கலாம்.
அழித்தால் தெரிந்துவிடுமே, அழுதேன் என்று.

அந்த நேரத்தில் உங்கள் வாசகம் வந்திருந்தால்
தள்ளிவிட்டிருப்பேன்.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தை
எந்தக் கட்டைவிரல் படிக்கிறது?

கார்த்திகைப் புயலில் டவர் சாய்ந்தது.
மூன்று நாள் தூங்கினேன்,
ஆக்னலோடு தாயம் ஆடித் தோற்றேன்,
தோற்றதற்குச் சண்டை போட்டேன்.
திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான்.
நான்காம் நாள் ஐஸ் கம்பெனி ஜெனரேட்டரில்
முப்பது போன் வரிசையில் கிடக்க,
ஐந்து சதவீதம் ஏறியதும் பிடுங்கிக்கொண்டு ஓடி
முதலில் திறந்தது அந்தப் படத்தைத்தான்.
இருநூற்றுப் பத்தொன்பது.

அப்போ 'இல்லை'யா?
கொஞ்சம் பொறுங்கள்.

மனநலம் என்ற சொல்லை
ஆஸ்பத்திரிச் சுவரில்தான் பார்த்திருக்கிறேன்.
பாதிக்கலாம் என்றால், யாரை? எத்தனை மணிக்கு?
கூண்டிலாவது ஓர் எண் தொங்கும்,
எண்ணுக்கு ஒரு காற்று இருக்கும்.
எழுதுவதானால் இப்படி எழுதுங்கள்:
'ரொவீனா, மணி மூன்றே கால்.
அந்த ஒரு வார்த்தையை
நாற்பத்தோராம் முறை படிக்கப் போகிறாய்.
ஐந்துக்கு அம்மா எழுப்புவாள்.'

அப்பவும் படிப்பேன் அண்ணே.
பொய் சொல்ல மாட்டேன்.
ஆனால் ஒரு நொடி நின்று படிப்பேன்.
நாற்பது முறையில் ஏதோ ஒருமுறை
அந்த நொடியில்
பக்கத்துப் பாயில் அம்மாவின் குறட்டை கேட்கலாம்,
பாறை கீறிய அவள் விரலில்
போன் வெளிச்சம் படுவதைப் பார்க்கலாம்.
பார்க்காமலும் போகலாம்.

இவ்வளவுக்கும் தாளில் இடமில்லை.
ஏழாம் கேள்வியின் ஓரத்தில்
ஒரு கூண்டு வரைந்தேன்,
உள்ளே எண் போடவில்லை.

நேரமாச்சு என்றார் அண்ணன்.
போனை எடுத்து மணி பார்த்தவர்
வெகுநேரம்
மணி பார்த்துக்கொண்டே நின்றார்.
பேனாவைத் திருப்பிக் கேட்கவே இல்லை.